மூக்குக் கவசம் இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை

உறக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு, இரவில் அழுத்தக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியைப் பரிந்துரைக்கும்போது, நோயாளியும் குடும்பத்தாரும் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். என்ன விலை, எவ்வளவு மின்சாரம் இழுக்கும், சத்தம் வருமா, ஊருக்கு எடுத்துச் செல்லலாமா என்பன அக்கேள்விகள். குழாயின் முனையில் மாட்டப்படும் மூக்குக் கவசத்தை, அதாவது மாஸ்க்கைப் பற்றிக் கேட்பவர் அரிது. ஆனால் சில மாதங்கள் கழித்துக் கருவி அலமாரியின் மேல் தூசு படிந்து கிடக்கிறது என்று யாரேனும் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, விசாரித்துப் பார்த்தால் இயந்திரத்தில் குறையே இராது. மூக்குத் தண்டின் மேல் புண், கண்ணுக்குள் வீசும் காற்று, விடியற்காலையில் உலர்ந்துபோன வாய், முகத்தை யாரோ பொத்துவது போன்ற உணர்வு ஆகியவையே காரணமாக இருக்கும். இவை அனைத்தும் கவசத்தைச் சேர்ந்த தொல்லைகள். இவற்றில் பெரும்பாலானவை தீர்க்கக் கூடியவை.

கவசத்தின் சௌகரியத்தை ஆடம்பரம் என்று கருதும் போக்கு மருத்துவர்களிடமும் உண்டு. 'கொஞ்ச நாளில் பழகிவிடும்' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் இச்சிகிச்சை, கவசம் முகத்தில் இருக்கும் நேரத்திற்கு மட்டுமே பலனளிக்கும். கழற்றி வைத்த நேரத்தில் தொண்டை பழையபடி அடைத்துக்கொள்ளும். அதிலும், முதல் ஓரிரு வாரங்களில் ஒருவர் எப்படிப் பயன்படுத்துகிறாரோ, அந்தப் பழக்கமே பின்னரும் நிலைத்துவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகையால், உறுத்தும் கவசத்தை முதல் வாரத்தில் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே எங்களிடம் கொண்டு வாருங்கள்.

காற்று செய்யும் வேலை

விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் விறைப்புடன் இருந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் பின்னால் சரிந்து பாதையை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு காற்றை இழுக்க முயல்கிறது. காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்குகிறது. பெரிய குறட்டையோடு பாதை திறக்கிறது. நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நிகழும். அவர் எட்டு மணி நேரம் படுத்திருந்ததாகக் கருதுவார். அவருடைய மூளையோ உறங்கியிருக்காது.

மூக்கின் வழியே சிறிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால், அந்தக் காற்று தொண்டையின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளிருந்து முட்டுக்கொடுக்கிறது. எலும்பு முறிந்த கைக்குச் சிம்பு கட்டுவதைப் போல, தொண்டைக்குக் காற்றாலான சிம்பு என்று சொல்லலாம். இந்த அழுத்தம் பலர் அஞ்சுவது போல் பெரிதன்று. வீட்டுக் கருவிகள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை தருகின்றன. ஒரு செம்புத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கு விட்டு ஊதிக் குமிழி வரவழைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அவ்வளவுதான் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். குழந்தைகூட ஊதிவிடும்.

இந்த முறையைக் கண்டறிந்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன். அதற்கு முன் கடுமையான மூச்சுத் தடைக்கு உறுதியான சிகிச்சை ஒன்றே இருந்தது: கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் பொருத்துவது. 1980-ஆம் ஆண்டு, அந்த அறுவைச் சிகிச்சையை விரும்பாத ஒரு நோயாளிக்குச் சல்லிவன் முதன்முதலாக மூக்கின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். ஐந்து நோயாளிகளில் பெற்ற முடிவுகள் 1981-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

காற்றுக்குத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரே போதுமானதாக இருந்தது. பெரும்பாடு பட்டது அதை மூக்கோடு இணைப்பதில்தான். ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் அச்செடுத்து, அதற்கேற்ப நார்க்கண்ணாடியில் கவசம் வார்த்தார்கள். நோயாளி ஒவ்வோர் இரவும் அதைச் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டிக்கொண்டு படுத்து, காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். அப்படியும் அவர்கள் அதை விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த நல்ல உறக்கத்தை இழக்க அவர்களுக்கு மனமில்லை. பசையில்லாமல், பட்டையால் தாங்கப்படும் மென்மையான சிலிக்கோன் விளிம்புகள் பின்னர் வந்த பிறகே இச்சிகிச்சை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது.

இறுக்கத்தின் கணக்கு

இன்றைய கவசத்தின் விளிம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு அடுக்குகள் இருக்கும். வெளியடுக்கு சற்றுத் தடித்தது. அது வடிவத்தைத் தாங்குகிறது. உள்ளடுக்கு வெங்காயத் தோல் போல மெல்லியது, உட்புறமாக மடிந்திருக்கும். கருவி ஓடத் தொடங்கியதும் கவசத்திற்குள் நிறையும் காற்று, அந்த மெல்லிய மடிப்பை உள்ளிருந்து தள்ளி முகத்தோடு ஒட்டவைக்கிறது. அதாவது, காற்று கசியாமல் காப்பது அந்தக் காற்றே. தலைப்பட்டையின் வேலை, கவசம் முகத்தைவிட்டு முன்னோக்கித் தள்ளப்படாமல் பிடித்து நிறுத்துவது மட்டுமே.

அதற்கு எவ்வளவு விசை தேவை? 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம் எடை. மூக்கை மூடும் கவசத்தின் வாய்ப்பரப்பு 25 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைத் தாங்க 250 கிராம், அதாவது கால் கிலோ விசை போதும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய கவசத்தின் பரப்பு 70 சதுர சென்டிமீட்டர் எனில், 700 கிராம் தேவை. மூக்குத் துளைகளின் வாயில் மட்டும் பொருந்தும் சிறு திண்டுகளுக்கு, 3 சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். கவசம் பெரிதாகப் பெரிதாகப் பட்டையின் இழுப்பும் கூடுகிறது. இழுப்பு கூடினால் உறுத்தலும் கசிவும் கூடுகின்றன. ஆகையால், பொருந்தக் கூடியவற்றுள் மிகச் சிறிய கவசத்திலிருந்து தொடங்குவதே என் வழக்கம்.

தோலின் கதையும் இதே கணக்கில் அடங்கும். நுண் இரத்தக் குழாய்களில் ஓட்டம் நின்றுபோகும் அழுத்தமாகப் பாடநூல்கள் வழக்கமாகக் கூறுவது 32 மில்லிமீட்டர் பாதரசம்; நீர் அளவில் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். கால் கிலோ விசை விளிம்பு முழுவதும், ஒரு 20 சதுர சென்டிமீட்டரில், சீராகப் பரவினால் தோலின் மேல் விழுவது 12 அல்லது 13 சென்டிமீட்டர் அழுத்தமே; தோல் அதை இரவெல்லாம் தாங்கும். அதே கால் கிலோ, மூக்குத் தண்டின் மேல் இரண்டு சதுர சென்டிமீட்டரில் குவிந்தால் 125 ஆகிவிடுகிறது. அங்கே தோலுக்கும் எலும்புக்கும் இடையில் கொழுப்பு மிகக் குறைவு. இரவு முழுவதும் இரத்தம் பாயாத தோல் முதலில் சிவக்கும், பின்னர் புண்ணாகும்.

இங்கேதான் ஒரு விஷச் சுழல் தொடங்குகிறது. நடு இரவில் காற்று கசிகிறது. உறக்கக் கலக்கத்தில் நோயாளி பட்டையை இழுத்து இறுக்குகிறார். இறுக்கியதும் மெல்லிய உள்ளடுக்கு நசுங்கி மடிந்துவிடுகிறது. காற்று அதை விரிக்க இயலாமல், கசிவு அதிகமாகிறது. மேலும் இறுக்குகிறார். காலையில் நெற்றியிலும் கன்னத்திலும் தழும்பு. கசிந்தால் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: கவசத்தை முகத்திலிருந்து ஓர் அங்குலம் முன்னால் இழுத்து, மடிப்பு காற்றால் விரிந்ததும் மெல்லத் திரும்ப வையுங்கள். பத்தில் ஏழெட்டு முறை அதுவே போதும். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். காலையில் எழுந்து அரை மணி நேரத்திற்குப் பின்னும் மறையாத சிவப்பு இருந்தால், பட்டை இறுக்கமாக உள்ளது அல்லது கவசத்தின் அளவு தவறு.

அளவு பார்ப்பதிலும் ஒரு செய்தி உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, கருவியை ஓடவிடாமல் பொருத்திப் பார்ப்பது பயனற்றது. படுக்கும்போது கன்னத்துச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறுகிறது. நீங்கள் வழக்கமாகப் படுக்கும் பக்கத்தில், உங்களுக்குக் குறித்த அழுத்தத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்க, ஒரு கால்மணி நேரமாவது படுத்துப் பார்க்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள். ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு, இன்னொன்றின் சிறிய அளவாக இருக்கலாம். உறையில் அச்சிட்ட எழுத்தை நம்பி வாங்க வேண்டாம்.

மூக்கா, மூக்கும் வாயுமா?

'நான் வாயால் மூச்சு விடுகிறேன், எனக்குப் பெரிய கவசம்தான் சரிப்படும்' என்று பலர் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். மூக்கின் வழியே மட்டும் அழுத்தக் காற்று செல்லும்போது அது மென்னண்ணத்தை முன்னோக்கித் தள்ளி நாக்கின் மேல் அமர்த்துகிறது. வாய்ப் பக்கம் தானாகவே அடைபடுகிறது. வாயின் வழியாகவும் அதே அழுத்தம் சென்றால் இந்த நன்மை கிடைப்பதில்லை. போதாததற்கு, பெரிய கவசத்தின் பட்டை தாடையைப் பின்னால் இழுத்து நாக்கையும் உடன் தள்ளக்கூடும். மூக்கும் வாயும் மூடும் கவசங்களுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதும், அவற்றை நோயாளிகள் குறைவான நேரமே அணிவதும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. மூக்கு முற்றிலும் அடைபட்டவர் போன்ற சிலருக்கே அது முதல் தேர்வு.

வாயால் மூச்சு விடுவோரில் பலருக்கு உண்மையான தொல்லை மூக்கடைப்பு. அது ஒவ்வாமையாகவோ வளைந்த நடுத்தண்டாகவோ இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, உப்புநீர்க் கழுவலும் மருந்துத் தெளிப்பும் தொடங்கினால் சிறிய கவசமே போதுமானதாகிவிடும். இன்னொரு நிலையும் உண்டு. உறக்கத்தில் வாய் திறந்துகொண்டால், கருவியின் காற்று மூக்கின் வழியே நுழைந்து வாயின் வழியே வெளியேறி, ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். வெளிவிடும் மூச்சின் ஈரம் மூக்குக்குத் திரும்பக் கிடைக்காது. மூக்கின் உட்சவ்வு உலர்ந்து வீங்கும், மூக்கு அடைக்கும், அதனால் வாய் மேலும் திறக்கும். வெந்நீர் ஈரப்பதமூட்டி இந்த வளையத்தை அறுக்கிறது. நம் ஊர்க் காற்றில்தான் ஈரம் இருக்கிறதே என்று கேட்கலாம். குளிர்சாதன அறையில் அது இருப்பதில்லை. வாயில் ஒட்டுப்பட்டை ஒட்டும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. மருத்துவரைக் கேளாமல் அதைச் செய்ய வேண்டாம்.

நம் வீடுகளில் எழும் ஐயங்கள்

மூக்குத்தி அணிந்த பெண்கள் அதைக் கழற்ற வேண்டுமா என்று கேட்கக் கூச்சப்பட்டு, பேசாமல் கருவியை ஒதுக்கிவிடுகிறார்கள். மூக்கு முழுவதையும் மூடும் கவசத்தில் மூக்குத்தி உள்ளே அடங்கிவிடும். விளிம்பு அதன் மேல் படாதவரை கழற்றத் தேவையில்லை. துளைக்குள் அமரும் திண்டு வகைதான் அதன் திருகோடு உரசும். அவர்களுக்கு அவ்வகையை நான் எழுதுவதில்லை. அடர்ந்த தாடியும் மீசையும் உள்ளவர்களுக்கு நிலைமை தலைகீழ்: அவர்களுக்குத் திண்டே நன்று. மழிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

தலைக்கும் முகத்திற்கும் எண்ணெய் தடவிப் படுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் பட்ட தோலில் சிலிக்கோன் வழுக்கும். நாளடைவில் மெல்லிய மடிப்பு உப்பி விறைத்துவிடும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். விபூதி, சந்தனம், பவுடர், முகப்பூச்சு எதுவும் விளிம்பு படும் இடத்தில் வேண்டாம். காலையில் விளிம்பை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஸ்பிரிட், டெட்டால், வெயில் மூன்றும் அதன் பகைவர்கள். ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, மிச்சத்தை அன்றாடம் கொட்டிவிடுங்கள்.

கருவியைத் தலைமட்டத்திற்குக் கீழே வையுங்கள். மேலே வைத்தால் குழாயில் தேங்கும் நீர்த்துளிகள் மூக்கை நோக்கி ஓடிவரும். கட்டிலில் படுப்பவர்களுக்கு ஒரு முக்காலி போதும். பாயில் படுப்பவர்கள் மெத்தை ஒன்றை விரித்து அதன் மேல் படுத்து, கருவியைத் தரையோடு ஒட்டிய பலகையில் வைக்கலாம். காற்று உள்ளிழுக்கும் துவாரத்தில் போர்வை விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முகத்தை மூடினாலே அச்சம் வருகிறவர்கள், முதலில் பகலில், கருவியோடு இணைக்காமல், தொலைக்காட்சி பார்க்கும்போது கையால் பிடித்துப் பழகட்டும். அடுத்த சில நாட்களில் பட்டையைப் போட்டுக்கொண்டு, அதன்பின் குறைந்த அழுத்தக் காற்றோடு, அதன்பின் பகல் தூக்கத்தில். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். உடனிருப்பவர் 'இதற்கெல்லாமா பயம்' என்று கேட்காமலிருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூடக்கூடாத துளைகள்

எல்லா வீட்டுக் கவசங்களிலும் சிறு துளைகள் சில இருக்கும். அவற்றின் வழியே எப்போதும் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், சத்தமும் வரும், பக்கத்தில் படுப்பவரின் கழுத்தில் வீசவும் செய்யும். பழுது என்று நினைத்துச் சிலர் அவற்றைப் பிளாஸ்திரியால் ஒட்டிவிடுகிறார்கள். அது ஆபத்து. நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறும் வழி அவையே. அவற்றை அடைத்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். இதே காரணத்தால், மருத்துவமனையில் வென்டிலேட்டரோடு பயன்படுத்திய துளையில்லாத கவசத்தை, 'புதிதாகத்தானே இருக்கிறது' என்று வீட்டுக் கருவியில் மாட்டக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மின்தடையின்போது என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. மூக்குக் கவசம் அணிந்தவர் வாயைத் திறந்து மூச்சு விடுவார்; பெரும்பாலும் விழித்துக்கொள்வார். வாயையும் மூடும் கவசத்தில், காற்று நின்றவுடன் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் ஒரு தடுக்கிதழ் உண்டு. கழுவும்போது அது ஒட்டிக்கொள்ளாமல் அசைகிறதா என்று பாருங்கள். பக்கவாதத்தால் கை வழங்காதவர், வாந்தி எடுப்பவர் போன்று தாமே கவசத்தைக் கழற்ற இயலாதவர்களுக்கு வாயை மூடும் கவசத்தை மருத்துவர் சொல்லாமல் மாட்டக் கூடாது.

சில கவசங்களின் பட்டைகள் காந்தக் கொக்கிகளால் இணைகின்றன. மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கு அவை வசதியே. ஆனால் இதய பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாயில் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய செவிக்கருவி போன்றவை உள்ளவர்களுக்கு அவை உகந்தவையல்ல. ஒரே கட்டிலில் படுக்கும் துணைக்கு அவை இருந்தாலும் இது பொருந்தும். வாங்கும் முன் சொல்லுங்கள். காந்தமில்லாத வகை கிடைக்கும்.

பச்சிளம் குழந்தைகளின் மூக்கு

நம் பச்சிளம் குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பெற்றோர், குறைமாதக் குழந்தையின் மூக்கில் இரு சிறு குழல்களைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். அங்கும் இதே தத்துவம். ஆனால் காற்று திறந்து வைப்பது தொண்டையை மட்டுமன்று, நுரையீரலின் சுருங்கிப்போகும் நுண்ணறைகளையும். பச்சிளம் குழந்தைகள் இயல்பாகவே மூக்கால் மூச்சு விடுவதால் இம்முறை அவர்களுக்கு ஏற்றது. இடர் இருப்பது மூக்கின் நடுத்தண்டில். குழல் அதன் மேல் அழுந்தினால் தோல் வெளுத்து, பின்னர் சிதைந்துவிடும். ஆகவேதான் செவிலியர் குழலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையில் சிறு இடைவெளி இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்க்கிறார்கள். குழலையும் சிறு கவசத்தையும் மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள். தலையில் போட்ட தொப்பி அழகுக்கன்று. குழல் அசையாமல் நிற்பது அதன் பொருத்தத்தால்தான். அதைத் தளர்த்திவிட வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆண்டுக்கணக்கில் கவசம் அணிய நேரும் சிறுவர்களுக்கு வேறொரு கவனம் தேவை. வளரும் முக எலும்பின் மேல் இரவுதோறும் விழும் அழுத்தம், முகத்தின் நடுப்பகுதி வளர்வதைத் தடுக்கக் கூடும். அவர்களுக்குக் கவசத்தின் வகையையும் அது அழுந்தும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுவதுண்டு. ஆகையால், குழந்தை நலமாக உறங்கினாலும் பரிசோதனைக்கு வருவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெரியவர்கள் பரிசோதனைக்கு வரும்போது கருவியின் நினைவட்டையோடு கவசத்தையும் தலைப்பட்டையையும் எடுத்து வாருங்கள். எத்தனை மணி நேரம் அணிந்தீர்கள், எவ்வளவு கசிந்தது என்பதை அட்டை சொல்லும். ஏன் கசிந்தது என்பதைத் தேய்ந்த விளிம்பைப் பார்த்தால்தான் அறிய முடியும். வேறு ஏதேனும் அறுவைச் சிகிச்சைக்காக இங்கே சேர நேர்ந்தாலும் உங்கள் சொந்தக் கருவியையும் கவசத்தையும் கொண்டு வந்து, சேரும் அன்றே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்துக்குப் பின் வரும் முதல் சில இரவுகளில் தொண்டைத் தசைகள் வழக்கத்தைவிடத் தளர்ந்திருக்கும். உங்களுக்குப் பழகிய கவசம் பக்கத்தில் இருக்க வேண்டும்.